தட்டிக்குப் பின்னால் விழுந்த மூன்று

ஓரின் பெல்கே வாயைத் திறந்தால் மூட மாட்டான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் அவனுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. பால் பண்ணை லாரி ஓட்டுகிறவன். குளித்துத் துணி மாற்றிக்கொண்டுதான் என் கடைக்கு வருவான், ஆனாலும் புளித்த பால் வாடை அவனுக்கு முன்னால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். சாப்பிட்டுக்கொண்டே பேசுவான். பேசிக்கொண்டே அடுத்தவர் ஆட்டத்தையும் ஆடிக் காட்டுவான். விஸ்கான்சினில், எங்கள் ஊரில், பக்கத்து வீட்டுக் கூரை பற்றி எரிந்தால்கூட "கொஞ்சம் கதகதப்பா இருக்கு போலிருக்கே" என்றுதான் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்கள் நடுவில் ஒருவன் மனதில் பட்டதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தால் யார் பொறுப்பார்கள்?

என் கடை முன்பு செருப்புக் கடையாக இருந்த இடம். இப்போது பலகை ஆட்டங்கள், சீட்டுக்கட்டுகள், பகடைகள், வண்ணம் பூசுகிற குட்டிப் பொம்மைகள் எல்லாம் விற்கிறேன். பின்பக்கம் ஆடுகிறவர்களுக்கு மேசை போட்டிருக்கிறேன். நாற்காலி போதாத இடத்தில், பழைய கடைக்காரர் விட்டுப்போன இருக்கை ஒன்று உண்டு. செருப்புப் போட்டுப் பார்க்கிற குட்டை இருக்கை. கடைசியாக வருகிறவருக்கு அது. ஓரின் எவ்வளவு சீக்கிரம் வந்தாலும் எப்படியோ அவனுக்கு அதுதான் வாய்க்கும். அவ்வளவு பெரிய உடம்பு அதில் உட்கார்ந்தால் முகவாய் மேசை விளிம்பில் வந்து நிற்கும்.

வியாழக்கிழமை மாலை அந்த மேசை ராண்டல் ஸ்டெனருடுடையது. காப்பீடு விற்கிறவன், தேவாலயத்தில் பாடுகிறவன், குரலில் வெண்ணெய் தடவியிருக்கும். அவன் கதை சொல்வான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். கத்தி வீசினால் தலை போகுமா தப்புமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். ஆடுகிறவர்கள் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி உருட்ட வேண்டும். கதைக்காரன் மட்டும் தன் முன்னால் ஓர் அட்டைத் தட்டியை மடித்து நிறுத்திக்கொண்டு அதற்குப் பின்னால் உருட்டலாம். தட்டிக்குப் பின்னால் கதைக்காரன் பொய் சொல்வான் என்பது ஊரறிந்த ரகசியம். எதிரியின் வீச்சுக்குப் பத்தொன்பது விழுந்திருக்கும், புதிதாக வந்த பெண்ணின் மந்திரவாதி முதல் நாளே செத்துப்போவானே என்று "ஒன்பது" என்பான். பிழைக்க வைக்கிற பொய் அது. தட்டி இருப்பதே அதற்குத்தான்.

பாத்திரம் செத்துவிட்டால் அதற்கும் ஒரு வழக்கம் உண்டு. அந்தப் பாத்திரத்தின் பலம், பலவீனம், ஆயுதம் எல்லாம் எழுதிய தாளை அதை ஆடியவரே இரண்டாகக் கிழித்து, கழிவறைக்குப் போகிற வழியில் இருக்கிற சுவரில் இரண்டு சிவப்பு ஊசியால் குத்த வேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள். செத்தவருக்கு ஒரு சோடா, கடை செலவில்.

கல்லாவுக்கு மேலே என் சட்டங்கள் மூன்றை எழுதி மாட்டியிருக்கிறேன். மேசையைவிட்டு விழுந்த பகடை செல்லாது. எதன்மேலாவது சாய்ந்து நின்ற பகடை செல்லாது, மறுபடி உருட்ட வேண்டும். யாரையும் மேசையைவிட்டு எழுந்து போகச் சொல்லக் கூடாது. மூன்றாவதை எழுதும்போது, பெரிய நியாயம் செய்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

ஓரினுடைய பாத்திரம் புரூகன் என்ற குள்ளன். கால் ஒடிந்து மருத்துவமனையில் கிடந்தபோது, மீசை முளைக்காத வயதில் அவன் உண்டாக்கியது. அதற்குப் பிறகு ஓரின் எத்தனையோ மேசைகளில் ஆடிவிட்டான். மேசைகள் கலைந்தன, ஓரினின் கல்யாணமும் கலைந்தது, புரூகன் மட்டும் சாகவில்லை. அந்தத் தாள் மடிப்பு மடிப்பாகத் தேய்ந்து, அழித்தழித்து எழுதிய இடம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுச் சட்டைக்கும் கோட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு வருவான். புரூகன் பேச வேண்டிய இடம் வந்துவிட்டால் ஓரின் குரலே மாறிவிடும்.

"எவன்டா அது இருட்டுல? மூஞ்சியக் காட்டுடா! புரூகன் வந்திருக்கேன்டா!"

முன்பக்கம் பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசு வாங்க வந்தவர்கள் துள்ளி விழுவார்கள். ஜோலீன் நெற்றியைத் தேய்த்துக்கொள்வாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற ஜோலீன் விக், எப்போதும் ராண்டலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவள். எதிரே தாடும் கொரீனும், கணவன் மனைவி. ராண்டல் சிரித்தால் சிரிப்பார்கள், அவன் தும்மினால் கைக்குட்டையைத் தேடுவார்கள். ஓரின் வாராவாரம் பண்ணையிலிருந்து புதுப் பாலாடைக்கட்டித் துண்டுகள் ஒரு பை கொண்டுவருவான். அன்றைக்குப் போட்டது, கடித்தால் கீச் கீச்சென்று சத்தம் போடும். பையைக் காலி செய்கிற வரைக்கும் யாருக்கும் பால் வாடை அடிக்கவில்லை.

பிப்ரவரியில் ஒருநாள் ராண்டல் தனியாகக் கடைக்கு வந்தான். புதுப் பகடை ஒன்றைக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"ஆர்டிஸ், இந்த வியாழக்கிழமை புரூகன் செத்துருவான்னு நினைக்கிறேன்."

"நீ என்ன நினைக்கிறது? பகடையில்ல சொல்லணும்?"

"ஆமாமா, பகடைதான். பகடைதான்." சிரித்தான். "பாவம், இத்தன வருஷமா வச்சிருந்தவன் போயிட்டா மனுஷனுக்கு ஆட்டமே விட்டுப்போயிரும் இல்லையா? கொஞ்ச நாள் வீட்ல ரெஸ்ட் எடுத்துக்கலாம் அவனும்."

"அவன் வேணாம்னா வேணாம்னு சொல்லேன்."

"ஐயோ, அதெப்படி? நல்ல மனுஷன்." கண்ணை உயர்த்தி என் சட்டப் பலகையைப் பார்த்தான். "உங்க கடையில அப்படி யாரையும் சொல்லக் கூடாதே."

பாம்பும் சாக வேண்டும், கோலும் நோகக் கூடாது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ஒருவன் பகடை வாங்கிப்போவதை என்னவென்று தடுப்பது?

அந்த வியாழன் பனி கொட்டியது. லாரியிலேயே வந்துவிட்டான் ஓரின். ராண்டல் கதையை அழகாக நெய்து வைத்திருந்தான், அதை மறுக்க முடியாது. பாதாளத்தின் மேல் ஒரு கல் பாலம். பின்னாலிருந்து மலைப்பூதம் துரத்துகிறது. மற்ற மூவரும் தப்பி அக்கரைக்குப் போக வேண்டும் என்றால் யாராவது ஒருவர் பாலத்தில் நின்று தடுக்க வேண்டும். ராண்டல் கேட்டு முடிக்கும் முன்பே ஓரின் குட்டை இருக்கையிலிருந்து எழுந்துவிட்டான்.

"நீங்க போங்கடா பொடிப் பசங்களா! பாலத்த நான் பாத்துக்கறேன்!"

அன்று முழுக்க மேசை அவனுக்காகவே நடந்தது. ராண்டல் அவனையே பார்த்துப் பேசினான், அவன் பாட்டைப் பாடவிட்டான், பாறையை எப்படித் தூக்கி எறிந்தான் என்று விவரித்துக் கேட்டான். ஓரினுக்கு வேர்த்து வழிந்தது. அவன் பேச்சை யாரும் அப்படிக் காதுகொடுத்துக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவன் பகடையும் அன்று சொன்ன பேச்சைக் கேட்டது. பூதம் ஒரு காலை இழந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், புரூகன் தப்பிவிடுவான் போலிருக்கிறதே என்று.

கடைசியில் ராண்டல் தாழ்ந்த குரலில் சொன்னான்: "பூதம் விழுந்துக்கிட்டே கதாயுதத்த வீசுது. பதினஞ்சும் அதுக்கு மேலயும் வந்தா, புரூகன்..."

"தெரியும்," என்றான் ஓரின். "உருட்டு."

தட்டிக்குப் பின்னால் பகடை உருண்டது. ராண்டல் எட்டிப் பார்த்தான். ஜோலீனும் பார்த்தாள்; பார்த்துவிட்டுச் சட்டென்று தன் தாளைக் குனிந்து படிக்க ஆரம்பித்தாள்.

"பத்தொம்பது," என்றான் ராண்டல். குரலில் என்ன ஒரு துக்கம்!

ஓரின் தன் பகடையைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு தாளை உறையிலிருந்து எடுத்தான். அது கிழிவதற்குச் சத்தம்கூடப் போடவில்லை, அவ்வளவு நைந்துபோயிருந்தது. சுவரில் அவனே குத்தினான். கைதட்டினார்கள். நான் சோடாவை உடைத்துக் கொடுத்தேன். அவன் நேராகப் போய் ராண்டலைக் கட்டிக்கொண்டான், கண்ணெல்லாம் தண்ணீர்.

"இத்தன வருஷத்துல எந்தக் கதைக்காரனும் எனக்கு இப்படி ஒரு சாவு குடுத்ததில்ல, ராண்டல். ரொம்ப நன்றிப்பா."

ராண்டல் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தான். மூக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

செத்தவன் வீட்டில் கிடப்பான் என்று அவர்கள் போட்ட கணக்கு தப்பியது. திங்கட்கிழமையே ஓரின் வந்துவிட்டான், புதுத் தாள் வாங்க. பின்மேசையில் உட்கார்ந்து, நாக்கை நீட்டிக்கொண்டு எழுதினான். புரூகனின் மருமகள், தங்கை பெண். மாமன் செத்த பாலத்தைத் தேடி வருகிறாளாம்.

"ராண்டல்கிட்ட சொல்லாதீங்க ஆர்டிஸ், அவனுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்," என்றான்.

அந்த நேரம் பார்த்து ஜோலீன் சீட்டு உறை வாங்க வந்தாள். அவன் எழுதுவதைத் தூரத்திலிருந்து பார்த்தாள். உறையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பிறகு நேராக அவனிடம் போனாள்.

"ஓரின், என்னால தூங்க முடியல. உங்ககிட்ட சொல்லிடறேன். அன்னிக்கு விழுந்தது பத்தொம்பது இல்ல. மூணு. நான் பாத்தேன்."

"மூணா?"

"மூணு. என்னை மன்னிச்சிருங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கு முகம் தெளிந்துவிட்டது. காசு கொடுத்தாள், இந்த நாள் நல்லா இருக்கட்டும் என்று என்னை வாழ்த்தினாள், போய்விட்டாள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஜாதி. தன் நெஞ்சு லேசாக வேண்டும் என்றால் பாரத்தை எங்கே இறக்குவது என்று பார்க்க வேண்டாமா? நன்றாகச் செத்தேன் என்று நிம்மதியாக இருந்தவன் மடியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போகிறாள். அவளை நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நான் வாசல்வரை போனேன், கார் கிளம்பிவிட்டது.

திரும்பி வந்தால் ஓரின் சுவர் முன்னால் நிற்கிறான். ஊசியைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். முகம் பூரா சிரிப்பு.

"ஆர்டிஸ், டேப் இருக்கா? அவன் சாகலையே! மூணுன்னா பூதத்தோட கதாயுதம் அவன் மேல பட்டே இருக்காது!"

"ஓரின், ராண்டல் ஏன் பொய் சொன்னான்னு..."

"கதை அழகா இருக்கணும்னு சொல்லியிருப்பான். கதைக்காரனுக்கு அந்த ஆசை வரத்தான் செய்யும். அதுக்காக உசுரோட இருக்கறவனப் புதைக்க முடியுமா?" டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தான். "வியாழக்கிழமை பேசிக்கறேன்."

எனக்குப் புரிந்தது, அவனுக்குப் புரியவில்லை. நான் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைக் கலைக்க எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வியாழனன்று அவன் ஒட்டுப்போட்ட தாளை மேசைமேல் வைத்தபோது ராண்டலின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வெண்ணெய் உறைந்துபோயிருந்தது.

"மூணு விழுந்துச்சாமே, ராண்டல்? நான் கோவிச்சுக்கல. ஆனா மூணு மூணுதானே?"

"யார் சொன்னா?"

ஓரின் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. தட்டிக்குப் பின்னால் பார்க்கக்கூடிய நாற்காலி ஒன்றுதான் இருந்தது. ராண்டல் மெதுவாகத் திரும்பினான்.

"ஜோலீன், நீ மூணப் பாத்தியா?"

ஜோலீன் விரல் நகத்தைப் பார்த்தாள். "எனக்கு... சரியா ஞாபகம் இல்ல. வெளிச்சம் வேற கம்மி. நான் தப்பாப் பாத்திருப்பேன்."

"பரவால்ல, பரவால்ல," என்றான் ராண்டல். குரல் மறுபடி இளகிவிட்டது. "உண்மை என்னன்னா, பகடை என் பென்சில் மேல சாஞ்சு நின்னுச்சு. மூணுன்னும் சொல்லலாம், பத்தொம்பதுன்னும் சொல்லலாம். ஆர்டிஸ், சாஞ்ச பகடைக்குக் கடைச் சட்டம் என்ன?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையில் சாய்ந்திருந்தால் அன்றைக்கே மறுபடி உருட்டியிருப்பான், எந்தப் பகடையும் சாயவில்லை. எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனால் பென்சிலை நான் பார்க்கவில்லையே.

"மறுபடி உருட்டணும்," என்றேன்.

"அவ்வளவுதான். நியாயம்னா நியாயம். ஓரின், நீயே உருட்டு, எல்லாரும் பாக்கட்டும். பதினஞ்சு வந்தா போயிட்டான்."

ஓரின் என்ன, சண்டையா போட்டான்? "சட்டம்னா சட்டம்தான்" என்றான். தன் சட்டைப் பையிலிருந்து பழைய பச்சைப் பகடையை எடுத்தான். இரண்டு கைக்குள் வைத்துக் குலுக்கி, ஊதி, உருட்டினான். அது மேசை முழுக்க ஓடி, பாலாடைக்கட்டிப் பையை இடித்து, கொரீன் கைக்குப் பக்கத்தில் போய் நின்றது.

நான்கு.

"புரூகன்டா!" ஓரின் போட்ட சத்தத்தில் முன்பக்க அலமாரியில் ஒரு பெட்டி சரிந்தது. "பாலத்துல நிக்கிறான்டா புரூகன்! சாகலடா!" இரண்டு கையாலும் மேசையைத் தட்டினான். அவன் சந்தோஷம் எனக்கும் ஒட்டிக்கொண்டு நானும் கைதட்டிவிட்டேன். என் கை மட்டும்தான் தட்டியது.

கொரீன் பகடையைப் பார்த்தபடியே, தனக்குள் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள்.

"கடவுளே, இன்னும் எத்தன வாரம் இந்தக் கூத்து."

ஓரின் முதலில் சிரித்தான். யாராவது கூடச் சிரிப்பார்கள் என்று தாடு பக்கம் பார்த்தான். தாடு தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகினான். ஜோலீனைப் பார்த்தான், ராண்டலைப் பார்த்தான். ராண்டல் தட்டியை நேராக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஓரின் மெல்ல அந்தக் குட்டை இருக்கையில் உட்கார்ந்தான். பிறகு அவன் பேசியது புரூகனின் குரலும் இல்லை, எங்களுக்குத் தெரிந்த ஓரின் குரலும் இல்லை.

"நான் போகணும்னுதானா இதெல்லாம்?"

கொரீன் தன் தாளை மடித்தாள்.

"என்னைப் போகச் சொல்லியிருந்தா போயிருப்பேனே. அவன் என்ன பண்ணான்? அவன ஏன்யா கொன்னீங்க?"

"உன்ன யாரும் போகச் சொல்லலையே, ஓரின்," என்றான் ராண்டல் பதமாக. "இந்தக் கடையில யாரும் யாரையும் அப்படிச் சொல்ல முடியாது. பலகையில எழுதியிருக்கு."

ஓரின் திரும்பி என் பலகையைப் பார்த்தான், பிறகு என்னை.

"ஆர்டிஸ், இவங்களுக்கு நான் இங்க வேணுமா?"

"உன்னை எழுந்து போகச் சொல்ல யாருக்கும்..."

"அதக் கேக்கல. வேணுமா, வேணாமா?"

அந்த மேசையில் நாலு பேர் இருந்தார்கள். நாலு பேருக்கும் நாக்கு இருந்தது. கடைசியில் அந்த வார்த்தையும் என் தலையில்தான் விழுந்தது.

"வேணாம், ஓரின்," என்றேன்.

அவன் தலையாட்டினான். புரூகனை உறைக்குள் போட்டான். டேப் ஒட்டிய இடம் தடித்திருந்ததால் உள்ளே போகாமல் முரண்டு பிடித்தது, பொறுமையாகத் தள்ளினான். பகடையை எடுத்துக்கொண்டான். எழுந்திருக்க அவனுக்கு எப்போதும் மேசையைப் பிடிக்க வேண்டியிருக்கும், அன்றும் பிடித்துத்தான் எழுந்தான். பாலாடைக்கட்டிப் பையைப் பார்த்தான், எடுக்கவில்லை.

"இன்னிக்குப் போட்டது," என்று சொல்லிவிட்டுப் போனான்.

லாரி கிளம்புகிற சத்தம் அடங்கும்வரை மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். "நாம யாரும் அவன எதுவும் தப்பா சொல்லல," என்றான் ராண்டல். "இல்லவே இல்ல," என்றான் தாடு. கொஞ்ச நேரத்தில் பின்மேசையிலிருந்து கீச் கீச்சென்று சத்தம் கேட்டது. நாலு பேரும் மென்றுகொண்டிருந்தார்கள். அந்த நிமிடம் அவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். என் பலகை என் தலைக்கு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

அடுத்த வியாழன் நான் வேறு வேலையாக இருந்துவிட்டுப் பின்பக்கம் போனபோது இடம் மாறியிருந்தது. ராண்டலுக்குப் பக்கத்து நாற்காலியில் கொரீன். ஜோலீன் எதிரே, செருப்புக்கடை இருக்கையில், முகவாய் மேசைக்கு நேராக. யார் அப்படி உட்காரச் சொன்னார்கள் என்று கேட்டால் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள்.

கதையில் அவளுடைய வைத்தியப் பெண் ஏதோ குகையில் தனியாக மாட்டிக்கொண்டிருந்தாள். ராண்டல் அவளைப் பார்த்தே, ரொம்ப அன்பாகப் பேசினான்.

"பாம்பு உன் கழுத்துக்கு வருது, ஜோலீன். பதினஞ்சும் அதுக்கு மேலயும்."

தட்டிக்குப் பின்னால் பகடை உருண்டது. ராண்டல் எட்டிப் பார்த்தான். கொரீனும் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தன் தாளைக் குனிந்து படிக்க ஆரம்பித்தாள்.

"இருபது," என்றான் ராண்டல், துக்கமாக.

ஜோலீன் இருக்கையிலிருந்து பாதி எழுந்தாள். "நான்... நான் பாக்கலாமா, ராண்டல்?"

"தட்டிக்குப் பின்னாடி பாக்கற வழக்கம் இல்லையேம்மா."

அவள் தாடு பக்கம் பார்த்தாள், கொரீனைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் சோடாப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பெட்டியைத் திறக்கவில்லை. அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவதென்று தெரியாமல் நின்றாள்.

"ஊசி வேணும்னா சுவத்துலயே இருக்கு," என்றேன். "புரூகன் இருந்த இடத்துல ரெண்டு சும்மாதான் கிடக்கு, எடுத்துக்கோ."